கொடைக்கானலுக்கு ரயில் விட்டவர்

என் கணவர் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதத்தில், மழையும் குளிரும் சேர்ந்து இறுக்கும் நாட்களில், பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அவர் மிஷன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நான் அதே பள்ளியின் விடுதியில் துணிமணிகளுக்குப் பொறுப்பு. கம்பளிகளை எண்ணி வாங்குவது, கிழிந்ததைத் தைப்பது, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடுப்பு தயாரிப்பது எல்லாம் என் வேலை. பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்து வருவதும் என் பொறுப்பில் சேர்ந்ததால், கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை வருஷா வருஷம் நானும் கேட்டேன்.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்பார். ஹீட்டர் மேல் காலுறையைக் காயப்போடாதே. ஒரே பிளக்கில் இரண்டு வயரைச் சொருகாதே. மின்சாரம் நின்று போனால் முதலில் சுவிட்சை அணை. "திரும்பி வரும்போது நீ அங்க இருக்கியா இல்லையான்னு கரண்டுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல பேச்சு. அதைக் கேட்டவர்களில் எங்கள் வீட்டு முன்னறையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்த முன்னறைக்கு ரயில் வந்த கதை இது.

எழுபதுகளின் நடுவில் வெளிநாட்டு மிஷனரிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பத் தொடங்கியிருந்தன. கிளம்புகிற குடும்பம் வீட்டுச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி வைத்து விற்கும். கம்பளி, கேக் தட்டு, கிராமபோன், குழந்தைகளின் பழைய பூட்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு விற்பனையில் தையல் மெஷின் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டு, வெள்ளனே போய் வாங்கி வரும்படி அவரை அனுப்பினேன். எனக்குச் சலவைக்குப் போகும் துணிகளை எண்ணும் வேலை இருந்தது. மதியம் அவர் ஒரு மரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மெஷினை யாரோ முன்னாலேயே வாங்கிவிட்டார்கள் என்றார். மெஷின் சாயங்காலம் வரை அந்தப் புல்தரையிலேயே இருந்தது என்று மறுநாள் ஆலயத்தில் ஒரு பெண்மணி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பெட்டிக்குள் ரயில். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கறுப்பு இரும்பு எஞ்சின், கையில் எடுத்தால் அம்மிக் குழவியின் கனம். பின்னால் ஐந்து பெட்டிகள். மூன்று கம்பிகள் உள்ள தண்டவாளத் துண்டுகள். இவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்க, வேகத்தைக் கூட்டிக் குறைக்க மேலே ஒரு கைப்பிடி வைத்த கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர். அந்த வெள்ளைக்கார அம்மாள் அதன் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி விட்டிருந்தார். நூற்றுப்பத்து வோல்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது.

அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டி விளக்கமும் சொன்னார். நம் ஊர் மின்சாரம் இருநூற்று முப்பது. நேராகக் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும். ஆகவே நடுவில் ஒரு பல்பைப் போட்டால் அது பாதி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். சொன்னபடியே நூறு வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டார். ரயில் ஓடியது. ஆனால் எஞ்சின் திணறுகிற இடத்திலெல்லாம் பல்பு பளிச்சென்று எரிந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தால் எஞ்சின் இன்னும் திணறியது. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. ரயிலைவிட அந்தப் பல்புதான் அவளுக்குப் பிடித்தது. இரண்டு வாரத்தில் அதுவும் சலித்துப் போய், ரயில் வந்த மரப்பெட்டிக்குள் பொம்மைகளைக் குடிவைத்து விளையாடத் தொடங்கினாள். சலிக்காத ஆள் வீட்டில் ஒருவர்தான்.

அதற்கப்புறம் ஊரை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பமும் எங்கள் வீட்டில் ஒரு பெட்டியை விட்டுப் போயிற்று. பிரிவுபசாரக் கூட்டங்களில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இவர் அந்த வீட்டுப் பையனிடம் ரயில் ஏதும் வைத்திருந்தானா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். இப்படி மூன்று எஞ்சின்களும் இருபது பெட்டிகளும் சேர்ந்தன. அவற்றோடு வந்த வயர்கள் எங்களைவிட மூத்தவை. மேலே சுற்றிய ரப்பர் தொட்டால் பொடியாக உதிரும். உதிர்ந்த இடங்களில் அவர் மருத்துவமனை பிளாஸ்திரியை ஒட்டினார். இன்சுலேஷன் டேப்பு வேண்டுமென்றால் வத்தலக்குண்டு போக வேண்டும். பிளாஸ்திரி பள்ளி முதலுதவிப் பெட்டியிலேயே இருந்தது.

அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. சமவெளியில் ஒரு ரயில் நிலையத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்து, பின்னால் ரோடு என்று சேர்த்துவிட்டார்கள். அங்கே இறங்கி பஸ் பிடித்து, வளைவு வளைவாக ஏறி, பாதிப் பேர் வாந்தியெடுத்து முடித்த பிறகுதான் ஊர் வரும். ஊட்டிக்கு ரயில் விட்டவன் நமக்கு ஏன் விடவில்லை என்று அவர் பலரிடம் கேட்டிருக்கிறார். யாரும் சரியான பதில் சொல்லாததால் அந்தப் பாதையைத் தானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

முன்னறையில் இருந்த நாற்காலிகள் சமையலறைக்குப் போயின. இரண்டு சாப்பாட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பழனி மலையைக் கட்டினார். உள்ளே மூங்கில் சிம்பு, மேலே கோணிச்சாக்கு, அதற்கு மேல் மைதா பசையில் ஊறிய செய்தித்தாள். பச்சைச் சாயம் போட்ட மரத்தூள்தான் புல். காய்ந்த பாசியும் பைன் ஊசி இலைகளும் காடாயின. உச்சியில் மேகத்துக்கு என் தலையணைப் பஞ்சு; அதில் பாதி உதிர்ந்து அடிவாரத்தில் கிடக்கும். மேஜையின் ஒரு மூலையில் ரயில் நிலையம், அங்கிருந்து பாதை மேலே ஏறும். பெருமாள்மலையில் நான்கு அட்டைக் கடைகள் வைத்தார். சரிவில் வெள்ளகவிக் கிராமத்துக்குத் தீப்பெட்டிகளை அடுக்கி வீடுகள் செய்தார். அவற்றில் குச்சிகளை எடுத்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. சிலவற்றில் எடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

எஞ்சின் புகைவிடும் வசதி கொண்டது. புகைக்கூண்டில் ஏதோ ஒரு எண்ணெயை இரண்டு சொட்டு விட்டால் உள்ளே சூடாகிப் புகை வரும். அந்த எண்ணெய் இந்தியாவில் கிடைக்காது. இவர் யூகலிப்டஸ் தைலத்தை விட்டார். எங்கள் ஊரில் தண்ணீருக்கு அடுத்தபடி சுலபமாகக் கிடைப்பது அதுதான். ரயில் ஓடுகிற நேரமெல்லாம் வீடு ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்த மாதிரி மணக்கும். அது எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று அவர் வகுப்பிலேயே செய்து காட்டியிருக்கிறார். எனக்கும் இதெல்லாம் பெரிய கவலையாகப் படவில்லை. இயற்பியல் படித்தவர் வீட்டில் இருக்கும்போது நான் எதற்குக் கவலைப்படுவது என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்தார் போலிருக்கிறது.

கவலைப்பட்டவர் பள்ளி வயர்மேன். பூம்பாறைக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஊரில் பூண்டு போடுகிற குடும்பம். பள்ளியில் வயர்மேன் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கணவர் அவரை அண்ணே என்பார், அவர் இவரை சார் என்பார். ஒருநாள் வீட்டில் அடிக்கடி விளக்கு மங்குகிறது என்று அவரைக் கூப்பிட்டோம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தவர், அதிலிருந்த கம்பியை விரலால் நிமிண்டினார்.

"சார், இது ஃபியூசு வயரு இல்ல. வேலிக்குக் கட்டுற கம்பி" என்றார்.

அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது, அதனால் மாற்றினேன் என்றார் என் கணவர்.

"போறதுக்குத்தான் சார் ஃபியூசு இருக்கு. அது போகாட்டி வீடு போயிரும்."

அன்று சரியான வயரைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் இரண்டு எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓட்டியபோது அது போயிற்று. அதற்கடுத்த நாள் வேலிக் கம்பி பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. விடுதியில் வருஷாந்தரப் பேச்சு அதற்கு அடுத்த வாரம் நடந்தது. அதில் ஃபியூஸைப் பற்றி ஒரு பகுதி புதிதாகச் சேர்ந்திருந்தது.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு எங்கள் திருமண நாளில் ஜெபம் பண்ண வந்த போதகர், போகிற போக்கில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே சுற்றியிருந்த வயரின் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, அன்றைக்கு வெளிக்கூட்டிலும் தண்டவாளத்திலும் முழு மின்சாரம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. மரத்தரையும் அவர் போட்டிருந்த ரப்பர் செருப்பும் அவரைக் காப்பாற்றின. ஒரு கூச்சல் போட்டுப் பின்னால் சாய்ந்து கதவில் மோதி நின்றார். பெரியவர், நல்ல மனிதர், எங்களைத் திட்டவில்லை. கையை உதறிக்கொண்டே, "இதுக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. போதகரை எண்ணியா, தன் படிப்பை எண்ணியா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஒரு மாதம் ரயில் ஓடவில்லை. அந்த மாதத்தில்தான் பாதுகாப்புப் பெட்டி உருவாயிற்று.

திண்டுக்கல்லில் மோட்டார் காயில் சுற்றுகிறவரிடம் சொல்லி, இருநூற்று முப்பதை நூற்றுப்பத்தாகக் குறைக்கிற புது டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செய்து வாங்கினார். பழையதைத் திறந்து புதிதாகக் காயில் சுற்றி வாங்கினார். கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இரண்டையும் ஒரு தேக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டிக்கு மேலே ஒரு பல்பு. மின்சாரம் உள்ளே வந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அது எரியும். எரிந்தால் யாரும் எதையும் தொடக்கூடாது. அணைந்திருந்தால் ஆபத்தில்லை. இதை எனக்கும் மகளுக்கும் மூன்று தடவை சொல்லிக் கேள்வி கேட்டார். எல்லாம் சரியாகச் செய்திருந்தார். ஃபியூஸ் கட்டையை மட்டும் அவர் திறக்கவில்லை.

பல்பு சிவப்பாக இருந்தால்தான் ஆபத்து என்று யாருக்கும் புரியும் என்றார். ஊரில் எந்தக் கடையிலும் சிவப்புப் பல்பு இல்லை. அறுபது வாட் சாதாரண பல்பை மாட்டிவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். முந்தின கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு நான் தைத்த சிவப்பு சாட்டின் அங்கியில் ஒரு முழம் மிச்சமிருந்தது. அதை வெட்டி, சுருக்கம் வைத்து, கீழே ரப்பர் நாடா கோத்துப் பல்புக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். மாட்டியதும் அறையே சிவந்தது. அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். நான் தைத்த எதையும் அவர் அதற்கு முன் அழகு என்று சொன்னதில்லை. அந்தப் பெட்டியை மலையடிவாரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டி வைத்தார். சிக்னல் மாதிரி இருக்கும் என்றார்.

அந்த நவம்பரில் பெரிய காற்றும் மழையும். மரங்கள் விழுந்து இரண்டு நாள் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு மின்சாரப் பேச்சு. காலையில் விளக்கு வந்ததும் அவர் ரயிலை ஓட்டினார். மேடையில் பேசப்போகும் நாளில் ரயில் ஓட்டினால் மனசு தெளிவாகும் என்பது அவர் கணக்கு. ரயில் பெருமாள்மலையைத் தாண்டும்போது மின்சாரம் நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். மணி பத்தேமுக்கால் ஆகிவிட்டது. செய்து காட்டுவதற்கான சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகளை ஆலயத்தில் பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தேன். நான்தான் வீட்டைப் பூட்டினேன். பூட்டும் முன் முன்னறையை எட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. அணைந்திருந்தால் ஆபத்தில்லை.

மண்டபத்தில் மெழுகுவத்தி வைத்துப் பேசினார். பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டார்கள். மின்சாரம் நின்று போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்தபோது, மண்டபத்தின் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் லேசாகத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். நானும் தட்டினேன். அத்தனை வருஷத்தில் அதுதான் மிகச் சிறப்பாக அமைந்த பேச்சு என்று நினைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து விளக்குகள் மறுபடி அணைந்தன.

"பாத்தீங்களா? இப்ப உங்கள்ல எத்தனை பேரு ரூம்ல சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஒரு கை கூட உயரவில்லை. வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு, தீப்பிடித்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் போனார். கூச்சல் போடக்கூடாது, ஓடக்கூடாது, வரிசையாக நடக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பள்ளி வாட்ச்மேன் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து மேடையருகே நின்று, எங்கள் வீட்டில் தீ என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். மண்டபம் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

நான் எழுந்து ஓடினேன். அவர் மேடையை விட்டு இறங்கிக் கதவு வரைக்கும் நடந்தார். அத்தனை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. கதவைத் தாண்டியதும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு என்னை முந்திப் போனார். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். விடுதிப் பிள்ளைகள் மொத்தப் பேரும் சத்தமில்லாமல், வரிசையாக, எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுத் தெரு முழுவதும் தைலம் மணந்தது. முன்னறை ஜன்னலிலிருந்து புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. ஆனால் தீ இல்லை. வாசல் கதவின் பூட்டு உடைந்து தொங்கியது. படியில் வயர்மேன் உட்கார்ந்து வலது கையை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தார்.

நடந்தது இதுதான். காலையில் அறுந்த கம்பியைச் சரிசெய்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தவர் அவர்தான். அதற்கப்புறம் எங்கள் தெருக்கோடிக் கம்பத்தில் ஏறி வேறொரு இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஜன்னலில் புகையைக் கண்டார். கம்பத்திலேயே ஃபியூஸைப் பிடுங்கினார். மண்டபத்துக்கும் அதே கம்பம் வழியாகத்தான் மின்சாரம்; அங்கே விளக்கு அணைந்தது அப்போதுதான். இறங்கி ஓடி வந்து, வாட்ச்மேனை எங்களிடம் அனுப்பிவிட்டு, பூட்டை உடைத்தார். மலை முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. விடுதிக் கம்பளிகள் நான்கைத் துவைத்து எங்கள் வராந்தாவில் காயப்போட்டிருந்தேன். விடுதிச் சாமானை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது என்பது விதி. மழையில் வேறு இடமில்லை என்று கொண்டு வந்திருந்தேன். அந்த ஈரக் கம்பளிகளைப் போட்டு மூடித்தான் அவர் தீயை அமுக்கினார்.

உள்ளே போனேன். மலை இல்லை. ஈரக் கரியும் மூங்கில் சிம்பும் கிடந்தன. திரைச்சீலை போயிற்று, மேலே மரக்கூரையில் ஒரு ஆள் நீளத்துக்குக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கூரை பிடித்திருக்கும், கூரை பிடித்தால் பக்கத்து வீடும் பிடித்திருக்கும். என் கணவர் கரிக்குள் கையை விட்டு எஞ்சினை எடுத்தார், சூடு தாங்காமல் கீழே போட்டார், மறுபடி எடுத்தார். எனக்கு அதைப் பார்த்து வந்த ஆத்திரத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது மேஜைக்கு அடியில் மகளின் செருப்பு கண்ணில் பட்டது. மழை நாளில் அந்த மேஜைக்கடியில் உட்கார்ந்து படம் வரைவது அவளுக்கு வழக்கம். பாட்டுப் பயிற்சி இல்லாதிருந்தால் அன்றும் அங்கேதான் இருந்திருப்பாள். செருப்பின் ஒரு வார் உருகி ஒட்டியிருந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த எஞ்சினை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிவிட்டு வயர்மேனின் கைக்கு மருந்து போட்டேன். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். அவர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தார். பித்தளை பல்பு ஹோல்டர். அதன் கழுத்தில் கருகிய சிவப்புத் துணி ஒட்டியிருந்தது.

"தீ இங்கதாம்மா பிடிச்சிருக்கு. டிரான்ஸ்பாரத்துல இல்ல. துணி கருகி கீழ கெடந்த பஞ்சுல விழுந்திருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத நீங்களே வச்சுக்கங்க. ரயிலுதான் காரணம்னு ஊரு சொல்லிட்டுப் போகட்டும். சாருக்கு அது பழகிரும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். இரண்டு நாள் அந்த ஹோல்டரை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்தேன். ஊர் ரயிலைத் திட்டியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் என் பொறுமையைப் பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். இரண்டு நாளும் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்பட்டது.

பள்ளித் தாளாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். என் கணவர் நான்கு பக்கம் எழுதினார், இரண்டு படங்களோடு. புயலுக்குப் பிறகு மின்னழுத்தம் திடீரென்று ஏறியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினார். முடித்ததும் ஹோல்டரைக் கொண்டுவந்து அந்தக் காகிதத்தின்மேல் வைத்தேன். நான் தைத்த துணிதான் பற்றியது என்றேன்.

ஹோல்டரை எடுத்து, அதில் ஒட்டியிருந்த துணியை நகத்தால் சுரண்டினார்.

"அறுபது வாட் பல்பு எவ்வளவு சூடாகும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் அழகா இருக்குன்னு சொன்னேன்."

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு அரைப் பக்கம் எழுதினார். சுவிட்சை அணைக்காமல் வெளியே போனேன். எச்சரிக்கை விளக்கின்மேல் துணி சுற்றியிருந்தது. ஃபியூஸில் தடித்த கம்பி போட்டிருந்தேன். துணி யாருடையது என்று எழுதவில்லை. வேலை போனாலும் போகும் என்று எங்களுக்குப் பயம். எங்கே போவது, திண்டுக்கல்லில் என் அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்றுகூடப் பேசினோம்.

நிர்வாகக் குழு கூடி இரண்டு முடிவுகள் எடுத்தது. இவ்வளவு தெளிவாகவும் நேர்மையாகவும் ஒரு தீ விபத்தை விளக்கிய ஆசிரியர் வேறு யாருமில்லை என்பதால், என் கணவர் பள்ளியின் தீப்பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். பள்ளிக்குச் சொந்தமான குடியிருப்பின் பூட்டை அனுமதியில்லாமல் உடைத்ததற்கு வயர்மேன் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு கடிதம் போயிற்று.

அந்த விளக்கத்தை வயர்மேனுக்காக எழுதிக் கொடுத்தவர் புதிய தீப்பாதுகாப்புப் பொறுப்பாளர்தான். அதைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டியவரும் அவரே. கம்பளிகள் நான்கும் எப்படிக் கருகின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வயர்மேனின் கை ஆறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆறியதும் அவரே வந்து எங்கள் வீட்டு வயர் முழுவதையும் மாற்றினார். கருகின ரயில்களை என் கணவர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்; பிளாஸ்டிக் பெட்டிகள் உருகிப் போய்விட்டன, இரும்பு எஞ்சின்களில் இரண்டு பிழைத்தன. மலை கிடையாது, பஞ்சு கிடையாது, தைலம் கிடையாது. வெறும் பலகையில் தண்டவாளம். அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு ஃபியூஸ் வைத்த வயர்மேன், கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தான் வந்தால்தான் ரயில் என்றார். என் கணவர் ஒத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் எதற்கும் ஒத்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்.

அப்படி நாலைந்து வருஷம் ஞாயிறுதோறும் அவர் வந்தார். முதலில் கட்டையைச் சொருகிவிட்டுச் சுவரோரம் நின்று காவல் காப்பார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் கைப்பிடி அவர் கையில் இருந்தது. "சார், நீங்க வளைவுல ரொம்ப வெரசா ஓட்டுறீக" என்று சொல்லி வாங்கிக்கொண்டார், அப்புறம் திருப்பித் தரவில்லை. என் கணவர் பெட்டிகளைக் கோத்து விடுகிற ஆளானார். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்காகச் செய்த ரயிலை பூம்பாறைக்காரர் ஒருவர் ஓட்ட, எம்.எஸ்ஸி. படித்தவர் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வயர்மேன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். கடைசி ஞாயிறு அன்று வழக்கம் போல ஓட்டிவிட்டு, கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறதியாகக் கொண்டு போனாரா, வேண்டுமென்றே கொண்டு போனாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கடையில் வேறொன்று கிடைக்கும். என் கணவர் வாங்கவில்லை. பலகை சுவரில் சாய்ந்தது, எஞ்சின்கள் பெட்டிக்குள் போயின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றினார். மூன்றாவது வாரம் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி பூம்பாறைக்குப் போனார். அங்கே வயர்மேனோடு பூண்டு வயல் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஒரு பை பூண்டோடு திரும்பினார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது. பூண்டு வயலில் மின்சாரம் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, சந்தைக்கு வந்த வயர்மேன் எங்கள் வீட்டுப் படியில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கினார்.

"அம்மா, வயலுக்குக் கரண்டு வந்திருச்சு. ஓடையில தண்ணி எறைக்க ஒரு மோட்டாரு வாங்கிருக்கேன். போன வாரம் சாரு அதத் தெறந்து பாக்கணும்னு கேட்டாக. அடுத்த ஞாயிறு அவகளுக்கு இங்கயே ஏதாச்சும் சோலி குடுத்து வச்சுக்கங்க."

சரி என்றேன். அடுத்த ஞாயிறு என் கணவர் பையை எடுத்தபோது, விடுதிக் கம்பளிகளை எண்ண ஆள் வேண்டும் என்று சொல்லி அவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வரைக்கும் எண்ணினார். இரண்டு முறை எண்ணியும் பதிவேட்டில் இருப்பதற்கு நான்கு குறைகிறது என்றார். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, இன்னொரு முறை பாருங்கள் என்றேன்.